வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு அநியாயமாகப் பணம் வாங்கிவிட்டார்கள்: என்ன நடந்திருக்கும், இனி என்ன செய்யலாம்?

கேட்டவருடைய பிரச்சினை இது. முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின், வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. ஒருநாள் துவைத்து முடித்த தண்ணீர் வெளியேறாமல் டிரம்முக்குள்ளேயே நின்றுவிட்டது. இணையத்தில் தேடிக் கிடைத்த எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் கால் மணி நேரம் பார்த்துவிட்டு "போர்டு போச்சு" என்றார், அதாவது மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை. கேட்ட தொகை, புது மெஷின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. போர்டை மாற்றினார், மெஷின் ஓடியது, பழைய போர்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு: "போர்டு, சர்வீஸ்", கீழே மொத்தத் தொகை. இரண்டு வாரத்தில் தண்ணீர் மறுபடியும் நின்றது. அவர் போனை எடுக்கவில்லை. வேறொருவர் வந்து கீழே இருக்கும் வடிகட்டியைத் திறந்து, பம்புக்குள் சிக்கியிருந்த ஒரு நாணயத்தை எடுத்துப் போட்டார். அவர் வாங்கியது வந்து பார்த்த கூலி மட்டும். "நான் ஏமாந்துவிட்டேனா? பணம் திரும்பக் கிடைக்குமா? இல்லை, இந்த மெஷினைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறார்.

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். சுருக்கமாகச் சொன்னால், தேவையில்லாத போர்டுக்கு நீங்கள் பணம் கொடுத்திருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆனால் "அதிகமாக வாங்கிவிட்டார்" என்று போய்க் கேட்டால் உங்கள் பக்கம் நிற்காது. அந்தப் புகாருக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. தேவையான வேலையைத்தான் செய்தார், ஆனால் விலை கூடுதல் என்பது ஒன்று. கெடாத பார்ட்டை மாற்றிவிட்டு அதற்குப் பணம் வாங்கினார் என்பது இன்னொன்று. மாற்றாமலேயே மாற்றியதாகச் சொல்லி வாங்கினார் என்பது மூன்றாவது. முதலாவதில் நீங்கள் பேரம்தான் பேசலாம். ஒப்புக்கொண்ட விலைக்கு அப்புறம் வழக்கு இல்லை. மற்ற இரண்டில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அதனால் முதலில் இது எந்த வகை என்று பார்ப்போம்.

தண்ணீர் வெளியேறாத மெஷினில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. வெளியேற்றும் குழாய் மடங்கியிருக்கிறதா, வடிகட்டியில் ஏதாவது அடைத்திருக்கிறதா, பம்பின் விசிறி கையால் சுற்றினால் சுற்றுகிறதா என்பவை முதல் ஐந்து நிமிட வேலை. நாணயம், ஹேர்பின், சட்டைப் பொத்தான், உள்ளாடைக் கம்பி என்று எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அடுத்தது மீட்டர், அதாவது மின் அளவுகளைப் பார்க்கும் கருவி. 230 வோல்ட்டில் ஓடும் சாதாரண ட்ரெய்ன் பம்பின் (தண்ணீரை வெளியேற்றும் பம்பு) சுருளின் மின்தடையை அளந்தால் பெரும்பாலும் 100 முதல் 200 ஓம் அளவில் காட்டும். சுருள் அறுந்திருந்தால் மீட்டர் அசையவே அசையாது. கடைசியாக, போர்டைக் குற்றம் சொல்வதற்கு முன்பு செய்தே ஆக வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மெஷினைத் தண்ணீர் வெளியேற்றும் கட்டத்துக்குக் கொண்டுபோய், பம்பின் முனைகளில் மின்னழுத்தம் வருகிறதா என்று அளப்பது. மின்சாரம் வந்தும் பம்பு சுற்றவில்லையென்றால் போர்டு தன் வேலையைச் செய்துவிட்டது, குற்றவாளி பம்பு. மின்சாரமே வரவில்லையென்றால்தான் போர்டையோ வயரையோ சந்தேகப்பட வேண்டும். இரண்டு நிமிடம்கூட ஆகாத சோதனை இது. கால் மணி நேரத்தில் போர்டு என்று முடிவு கட்டியவர் இதைச் செய்தாரா? உங்கள் எதிரில் மீட்டரை எடுத்தாரா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் போர்டை மாற்றியதும் மெஷின் ஏன் ஓடியது என்று கேட்பீர்கள். அதுதான் பலரைக் குழப்புகிற இடம். வேலை செய்வதற்காக அவர் தண்ணீரை எப்படியோ இறக்கியிருப்பார், மெஷினைச் சாய்த்திருப்பார், நகர்த்தியிருப்பார். அந்த ஆட்டத்தில் நாணயம் விசிறியின் பாதையிலிருந்து விலகியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிச் சொருகியதில் திரையில் இருந்த பிழைக் குறியீடும் போயிருக்கும். ஆக எந்தப் பார்ட்டை மாற்றியிருந்தாலும் அன்றைக்கு மெஷின் ஓடியிருக்கும். நாணயம் திரும்ப உருண்டு வந்து விசிறியில் மாட்டும் வரைக்கும்தான் அந்த ரிப்பேருக்கு ஆயுள்.

அவருக்கும் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிக்கிக்கொண்ட பம்பு சூடேறி அதன் சுருள் ஷார்ட் ஆனால், போர்டில் அந்தப் பம்பை இயக்கும் ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்ச் எரிந்துபோவது உண்டு. அதாவது போர்டு உண்மையிலேயே போயிருக்கவும் ஒரு சிறு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அப்படியே வைத்துக்கொண்டாலும், போர்டு ஏன் எரிந்தது என்று கேட்காமல் புதிய போர்டை அதே பம்போடு இணைத்துவிட்டுப் போனது அரைகுறை வேலைதான். புதியதும் எரிந்திருக்கலாம். தவிர, ட்ரையாக் என்பது ஒரு சின்ன உதிரி. போர்டு பழுதுபார்க்கத் தெரிந்தவர் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைத்துவிடுவார். எந்தப் பக்கம் பார்த்தாலும் அவருடைய கணக்கு இடிக்கிறது.

விலை விஷயத்தில் ஒரு சின்ன விலகல். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் தவறான இடத்தில் கோபப்படுகிறார்கள். வந்து பார்த்ததற்கே ஏன் விசிட்டிங் சார்ஜ் என்று சண்டை போடுவார்கள். போர்டு விலையைச் சொன்னால் வாயைத் திறக்காமல் கொடுத்துவிடுவார்கள். உண்மையில் அந்த விசிட்டிங் சார்ஜ்தான் நீங்கள் கொடுக்கும் பணத்திலேயே உருப்படியான பணம். பழுது என்ன என்று கண்டுபிடிப்பதற்கான கூலி அது. அதேபோல் பார்ட் விலை குறைவாகவும் கூலி பல மடங்காகவும் இருக்கிற வேலைகளும் உண்டு. டிரம் சுழலத் தாங்கும் பேரிங்கை மாற்றுவது அப்படிப்பட்டது. பேரிங் சின்னப் பொருள்தான், ஆனால் அதை எடுக்க மெஷினை முழுக்கப் பிரித்து, டிரம்மைச் சுற்றியுள்ள தொட்டியான டப்பை வெளியே இறக்க வேண்டும். சில மாடல்களில் டப்பை ஒட்டியே மூடியிருப்பார்கள், பேரிங்கை மட்டும் மாற்ற வழியே இருக்காது, முழு டப்பும் வாங்க வேண்டும். அங்கே பெரிய தொகை கேட்டால் அது கொள்ளை அல்ல. "பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு இவ்வளவா" என்று கேட்பதும் எனக்கு ஏற்பு இல்லை. பத்து நிமிடத்தில் சரியாகக் கண்டுபிடிக்கிறவரைவிட மூன்று மணி நேரம் துழாவுகிறவர் உங்களுக்கு அதிகச் செலவு வைப்பார்.

சரி, கெடாத பார்ட்டை ஏன் மாற்றுகிறார்கள்? இதைப் பற்றிப் பொருளாதார அறிஞர்களே எழுதியிருக்கிறார்கள். மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்தத் துறையில் இன்றைக்கும் பேசப்படுகிறது. சில சேவைகளை வாங்கிய பிறகும்கூட அது நமக்குத் தேவைப்பட்டதா என்று தெரியாது என்பதுதான் அவர்கள் பிடித்த முடிச்சு. துணி சாயம் போனால் தெரிந்துவிடும். ஆனால் போர்டை மாற்றி மெஷின் ஓடினால், போர்டு கெட்டிருந்ததா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பழுதைக் கண்டுபிடிப்பவரும் அதைச் சரிசெய்து காசு பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, பெரிய பழுதாகச் சொல்லும் ஆசை அங்கே வந்துவிடுகிறது. இதோடு, விற்கும் பார்ட்டுக்கு ஏற்ப டெக்னீஷியனுக்குக் கமிஷன் என்று வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கே வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறவருக்கு அன்றைய வருமானம் குறைவு.

ஆனாலும் என் கணிப்பில் கெட்ட எண்ணத்தைவிட அரைகுறை அறிவுதான் அதிகக் காசைக் கரைக்கிறது. மீட்டர் பிடிக்கத் தெரியாதவர் பார்ட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பார். சரியானால் அதுதான் பழுது, ஆகாவிட்டால் அடுத்தது. இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் செலவு உங்களுடையது. ஏமாற்றுக்காரருக்கும் இவருக்கும் உங்கள் பர்ஸைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது வித்தியாசம் இருக்கிறது: திருடன் என்று சொன்னால் மல்லுக்கு நிற்பார், சோதிக்காமல் மாற்றிவிட்டீர்கள் என்று சொன்னால் பதில் சொல்லத் திணறுவார். நிரூபிக்கவும் இரண்டாவதுதான் எளிது.

மூன்றாவது வகையையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள், அதாவது போர்டு உண்மையிலேயே மாற்றப்பட்டதா என்று. பிளக்கை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, இரண்டாவதாக வந்த டெக்னீஷியனை வைத்தே மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம், போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் பிளக்கை எடுத்த பிறகும் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஐந்து வருடம் ஓடிய மெஷினுக்குள் புதுப் போர்டு இருந்தால் தூசியே காட்டிக்கொடுத்துவிடும். போர்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் பார்ட் எண்ணும் பெரும்பாலும் தேதியும் இருக்கும். சீட்டைக் கிழித்திருந்தால் அதில் உள்ள ஐசிக்கள் என்ற கறுப்புச் சில்லுகளைப் பாருங்கள். பல ஐசிக்களின் முதுகில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. 2318 என்றால் 2023ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். உங்கள் மெஷினின் தயாரிப்புத் தேதிக்கும் முந்தைய வாரங்களே போர்டு முழுக்க இருந்தால், ஒன்று அது உங்கள் பழைய போர்டேதான், இல்லையென்றால் வேறு எங்கோ கழற்றியது. கடையில் கிடந்த புதுச் சரக்குக்கும் ஓரிரு வருடம் பழைய தேதி இருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. தூசி, திருகுகளில் உள்ள கீறல், சால்டர் வைத்த தடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பழைய போர்டை ஏன் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதற்கும் இதுவே காரணம்: ஒரு வீட்டில் கழற்றியது கொஞ்சம் துடைத்துச் சரிசெய்யப்பட்டு இன்னொரு வீட்டில் புதிதாக விற்பனையாகும்.

இப்போது பணம். முதலில் கையில் உள்ளதைச் சேர்த்து வையுங்கள்: அந்தத் துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய பதிவு, போன் அழைப்புகளின் தேதி, வடிகட்டியிலிருந்து எடுத்த நாணயத்தின் படம் இருந்தால் அது. இரண்டாவது டெக்னீஷியனிடம் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். "முதலில் வந்தவர் ஏமாற்றினார்" என்றெல்லாம் அவர் எழுத மாட்டார், எழுதவும் வேண்டாம். என்ன பழுது கண்டேன், என்ன செய்தேன், அதன் பின் மெஷின் ஓடுகிறது, தேதி, கையெழுத்து, இவ்வளவு போதும். தொழிலில் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கத் தயங்குவார்கள். செய்ததை மட்டும் எழுதச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பிறகு முதலில் வந்தவருக்கோ அவரை அனுப்பிய நிறுவனத்துக்கோ எழுத்தில் அனுப்புங்கள். போனில் கத்துவது மனசுக்கு இதமாக இருக்கும், பணத்துக்கு உதவாது. கடிதம் இப்படி இருந்தால் போதும்: "இந்தத் தேதியில் தண்ணீர் வெளியேறாத பழுதுக்காக உங்கள் டெக்னீஷியன் போர்டை மாற்றி இவ்வளவு தொகை பெற்றார். அதே பழுது இந்தத் தேதியில் மீண்டும் வந்தது. பம்பில் சிக்கியிருந்த பொருளை எடுத்ததும் மெஷின் சரியாக ஓடுகிறது. போர்டை மாற்றுவதற்கு முன் செய்த சோதனை என்ன, அளவு என்ன என்று தெரிவியுங்கள். கழற்றிய என் போர்டைத் திரும்பக் கொண்டுவந்து பொருத்தி, நீங்கள் போட்டதை எடுத்துக்கொண்டு, போர்டுக்கும் அதைப் பொருத்தியதற்கும் வாங்கிய தொகையைத் திருப்பித் தாருங்கள். பத்து நாளுக்குள் பதில் வேண்டும்."

இதில் பழைய போர்டைக் கேட்கும் வரிதான் முக்கியம். அவர் அதைக் கொண்டுவந்து பொருத்தி மெஷின் ஓடிவிட்டால், போர்டு கெடவே இல்லை என்பது அங்கேயே வெட்டவெளிச்சம். கொண்டுவர முடியவில்லையென்றால், உங்களைக் கேட்காமல் உங்கள் பொருளை அப்புறப்படுத்தியதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பேச்சு சமரசத்துக்குத் திரும்பும். அவர் போட்ட போர்டை நீங்களே வைத்துக்கொண்டு, அதன் விலையில் ஒரு பகுதி திரும்ப வந்தால் வாங்கிக்கொண்டு விஷயத்தை முடிப்பது மோசமான முடிவு இல்லை. விசிட்டிங் சார்ஜையும் சேர்த்து முழுப் பணமும் வேண்டும் என்று நிற்பதை நான் சொல்ல மாட்டேன். அவர் வந்தார் என்பது உண்மைதானே.

பதில் வராவிட்டால், உங்கள் நாட்டில் நுகர்வோர் புகாருக்கு என்ன அமைப்பு இருக்கிறதோ அங்கே போகலாம். எழுதிய கடிதமும் அதற்கு வராத பதிலும் அங்கே உங்களுக்குச் சாட்சி. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை மறுத்துப் புகார் கொடுக்கும் வழி உண்டு; அதற்குக் கால வரம்பு இருப்பதால் நிறுவனத்தின் பதிலுக்காகவே மாதக்கணக்கில் காத்திருந்துவிடாதீர்கள். ரொக்கமாகக் கொடுத்து, ஆளும் போனை எடுக்கவில்லை, பெயரும் முகவரியும் தெரியாது என்றால் வழி குறுகல்தான், ஆறுதலுக்காக வேறு மாதிரி சொல்ல எனக்கு விருப்பமில்லை. பொதுவெளியில் விமர்சனம் எழுதுவதானால் நடந்ததை மட்டும் தேதியோடு எழுதுங்கள். "திருட்டுக் கும்பல்" என்று ஆரம்பித்தால் பேச்சு மெஷினை விட்டு உங்கள் மீது திரும்பிவிடும்.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத் தேடலில் கம்பெனி பெயரைப் போட்டு "கஸ்டமர் கேர்" என்று தேடினால் மேலே வருவதெல்லாம் கம்பெனியின் எண்களாக இருக்க வேண்டியதில்லை. கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக்கொண்டு விளம்பரம் செய்யும் வெளியாட்கள் ஏராளம். மெஷினோடு வந்த கையேட்டிலோ மெஷின் மேல் ஒட்டிய சீட்டிலோ உள்ள எண்தான் நம்பத் தகுந்தது. அதற்காகக் கம்பெனி ஆள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று அர்த்தம் இல்லை. முகவரி உள்ள ஆள் என்பதால் திரும்பப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

இதே கதை மற்ற சாதனங்களில் வேறு வேஷத்தில் வரும். எல்லாவற்றிலும் பெரிய வேஷம் "கேஸ் தீர்ந்துடுச்சு" என்பது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் உள்ள கேஸ் எரிந்து செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. வெளியே போகிற வழி இல்லாதவரை குறையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் பொருள். கசிவு எங்கே என்று காட்டாமல், அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புகிறவர் ஒருசில வாரத்துக்கோ ஒரு பருவத்துக்கோ குளிர்ச்சியை வாடகைக்கு விடுகிறார். முறையான வேலை என்றால் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், ஃபிரிட்ஜ் என்றால் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்ற வேண்டும், வேக்கம் பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும், பிறகு தராசில் வைத்து எடை பார்த்து நிரப்ப வேண்டும். எவ்வளவு கேஸ், எந்தக் கேஸ் என்பது சாதனத்தின் தகவல் பலகையிலேயே இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜ்களில் இப்போது அதிகம் வரும் ஆர்600ஏ, ஐசோபியூட்டேன் என்ற தீப்பற்றும் வாயு. அதனால்தான் சர்வதேசப் பாதுகாப்புத் தரம் வீட்டு ஃபிரிட்ஜில் அதன் அளவை 150 கிராமுக்குள் கட்டுப்படுத்துகிறது. பல ஃபிரிட்ஜ்களில் அதற்கும் வெகு குறைவாகவே இருக்கும். இத்தனை சின்ன அளவைத் தராசு இல்லாமல் "கையளவில்" நிரப்புகிறேன் என்பவரை உள்ளே விடாதீர்கள். அந்த வாயு உள்ள குழாயில் முன்னேற்பாடு எதுவும் செய்யாமல் நேராகத் தீச்சுடரை வைப்பவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கேஸ் என்று சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் மேலே ஃப்ரீசர் நன்றாக உறைகிறது, கீழே மட்டும் குளிர்ச்சி இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றோட்டத்தை: விசிறி, பனியை உருக்கும் ஹீட்டர், அதன் சென்சார். ஏசியில் ஃபில்டரும் காயிலும் அழுக்கடைந்தாலும் குளிர்ச்சி குறையும், குழாயில் பனி கட்டும். வெளியே உள்ள யூனிட் உறுமுகிறது, கம்ப்ரசர் கிளம்பவில்லை என்றால், அதைக் கிளப்ப உதவும் ரன் கெப்பாசிட்டரை அளக்க வேண்டும். மேலே 35 மைக்ரோஃபேரட், 5 சதவீதம் கூடக்குறைய என்று எழுதியிருந்தால் மீட்டரில் 33க்கும் 37க்கும் இடையில் வர வேண்டும். 20 காட்டினால் அது போய்விட்டது. மலிவான பொருள், மாற்றுவதும் சுலபம். இதைப் பார்க்காமலேயே "கம்ப்ரசர் காலி" என்று தலையில் கட்டிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

கம்ப்ரசர் போய்விட்டது என்று யாராவது சொன்னால், உங்கள் எதிரிலேயே கம்ப்ரசரின் மூன்று மின்முனைகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். சாதாரண ஒற்றை ஃபேஸ் கம்ப்ரசரில் மூன்று ஜோடிக்கு மூன்று அளவு வரும். சின்ன அளவுகள் இரண்டையும் கூட்டினால் பெரிய அளவு வர வேண்டும். இன்வெர்ட்டர் வகையில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். எந்த முனைக்கும் இரும்பு உடலுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இந்தச் சோதனையில் தேறியும் கம்ப்ரசர் உள்ளே இறுகிப்போயிருக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் கேட்டவுடன் மீட்டரை எடுக்கிறாரா அல்லது மென்று விழுங்குகிறாரா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தண்ணீர் சுத்திகரிப்பான் விஷயத்தில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. ஒரு டம்ளரில் சாதாரணத் தண்ணீர், இன்னொன்றில் உப்பு நீக்கிய தண்ணீர் வைத்து, கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை விட்டுச் சுவிட்சைப் போடுவார்கள். சாதாரணத் தண்ணீர் பழுப்பாகக் கலங்கிவிடும், "பார்த்தீர்களா, எவ்வளவு அழுக்கு" என்பார்கள். அழுக்கு தண்ணீரில் இல்லை, கம்பியில் இருக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பு வழியாக மின்சாரம் பாய்ந்து இரும்புக் கம்பி துருப்பிடிப்பதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் அது தெளிவாகவே இருக்கும். குடிக்க நல்ல தண்ணீரும் இந்தச் சோதனையில் பழுப்பாகும். இதைக் காட்டி மெம்ப்ரேன் என்ற உப்பு வடிகட்டியை மாற்றச் சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

அடுத்த முறை ஆளைக் கூப்பிடும்போது செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்து ஒன்றுதான் பெரியது: பழுதைக் கண்டுபிடிப்பதற்குத் தனியாகச் சரி சொல்லுங்கள், சரிசெய்வதற்குத் தனியாகச் சரி சொல்லுங்கள். போனிலேயே கேட்டுவிடலாம், "வந்து பார்த்து என்ன பழுது என்று சொல்ல எவ்வளவு? அதற்குமேல் வேலை செய்யாவிட்டால் அதை மட்டும் கொடுத்தால் போதுமா?" என்று. வந்ததும் "பம்பு போச்சு போல" என்று நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். என்ன பழுது, எதை வைத்துச் சொல்கிறீர்கள், பார்ட் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு, எத்தனை நாள் உத்தரவாதம் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தொகை பெரிதாக இருந்தால் விசிட்டிங் சார்ஜைக் கொடுத்துவிட்டு, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டு இன்னொருவரிடம் காட்டலாம். அந்த வார்த்தைக்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. "இப்போதே மாற்றினால்தான் இந்த விலை", "இப்படியே விட்டால் தீப்பிடிக்கும்" என்று நெருக்கினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுநாள் யோசியுங்கள். பிளக்கில் இல்லாத மெஷின் தீப்பிடிக்காது.

முழு விலை கொடுத்து மாற்றும் எந்தப் பார்ட்டுக்கும் பழையதை வேலை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பழையதைக் கொடுத்தால் விலை குறையும் என்ற எக்ஸ்சேஞ்ச் முறையும், உத்தரவாதக் காலத்தில் பழையதைக் கம்பெனியே எடுத்துக்கொள்வதும் வழக்கத்தில் உள்ளவைதான், அது பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் மாடல் எண், சீரியல் எண், உள்ளே உள்ள போர்டின் சீட்டு மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டும் வாங்கிவிட்டு அனுப்புங்கள். இதையெல்லாம் கேட்டால் டெக்னீஷியன் முகம் சுளிப்பாரோ என்று பலர் கூச்சப்படுகிறார்கள். வேலை தெரிந்தவர் சுளிக்க மாட்டார். அளவைக் காட்டி விளக்குவதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மெஷினைத் தள்ளிவிட வேண்டாம். ஐந்து வருடம் ஒரு வயதே இல்லை, போர்டு வேறு புதிதாக இருக்கலாம். காலி டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று சத்தம் வந்தாலோ டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது லொடலொடத்தாலோ பேரிங் தேய்ந்திருக்கிறது. அது மட்டும்தான் இந்த வயதில் புதிது வாங்கலாமா என்று யோசிக்க வைக்கும் செலவு. சத்தம் இல்லையென்றால் நிம்மதியாக ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை கீழ் வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். சுடுதண்ணீரில் துவைத்த கையோடு திறக்க வேண்டாம், ஆறட்டும். பக்கத்தில் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதன் மூடியை எடுத்து மிச்சத் தண்ணீரை ஒரு தட்டில் வடித்துவிட்டு, அப்புறம் வடிகட்டியை மெதுவாகத் திருகுங்கள். உள்ளே கை விடும்போது பிளக் வெளியே இருக்கட்டும். திரும்ப மூடும்போது மரை கோணாமல் முழுக்க இறுக்குங்கள், இல்லையென்றால் அடுத்த துவையலில் தரையெல்லாம் தண்ணீர் வந்து, அதற்கு ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.